படத்துல இருந்து எடுத்த டிஸ்டன்ஸ் ஃபீல்டு, பெருசாக்குனா ஓரம் அலை அலையா வருது

கேள்வி: சுழி_கோடர்
வணக்கம் மக்களே, கேம் டைட்டிலுக்கு அக்கா கையால எழுதிக் கொடுத்த தமிழ் எழுத்துங்கள ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன், ஃபான்ட் ஃபைல் கிடையாது. எழுத்துக்கு 64x64 படம், பாதிக்கு மேல வெள்ளைன்னா உள்ள, இல்லன்னா வெளியன்னு பிரிச்சு ஒவ்வொரு பிக்சல்ல இருந்தும் எழுத்தோட ஓரத்துக்கு உள்ள தூரத்த டெக்ஸ்ச்சர்ல (கேம் படிக்கிற படம்) எழுதினேன், இதத்தான் டிஸ்டன்ஸ் ஃபீல்டுங்கிறாங்க. பத்து மடங்கு பெருசாக்குனா ‘ண’ சுழியெல்லாம் நெளியுது. மூணு நாளா முட்டிக்கிறேன், ப்ளீஸ்.

நிழல்_தேடி:
நீங்க 64ல வெட்டும்போதே ஓரம் படிக்கட்டாயிடுச்சு, அதுக்கப்புறம் தூரம் எவ்ளோ சரியா அளந்தாலும் அந்த படிக்கட்டுக்குத்தான் அளக்குறீங்க. 2007 சிக்ராஃப்ங்கிற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டுல வால்வ்ங்கிற கேம் கம்பெனியோட கிறிஸ் கிரீன் காட்டினதே 4096x4096 படத்துல தூரத்த அளந்து 64x64ல சேமிக்கிறதுதான். ஸ்கேன பெருசா எடுங்க, அங்க அளங்க, கடைசில சின்னதாக்குங்க. ஷேடர்ல (பிக்சல் நிறத்த கணக்கு போடுற ஜிபியு ப்ரோக்ராம்) ஓரத்த மென்மையாக்குற ஸ்மூத்ஸ்டெப் அகலத்துக்கு ஃபிக்ஸ்டு நம்பர் வேணாம், பக்கத்து பிக்சலுக்கு மதிப்பு எவ்ளோ மாறுதுன்னு சொல்ற எஃப்விட்த் வச்சு எடுங்க, இல்லன்னா ஜூம் பண்ணும்போது மங்கும்.

சுழி_கோடர்:
ரொம்ப நன்றி ப்ரோ, 4096ல போட்டேன், ஒரு எழுத்துக்கே முடிய மாட்டேங்குது, ஒவ்வொரு பிக்சலுக்கும் சுத்தி எல்லாத்தையும் தேடுறேன்.

கணக்கு_டீச்சர்:
அப்படி தேட வேண்டாம் தம்பி. ஃபெல்சன்ஸ்வால்ப், ஹட்டன்லாக்கர் ரெண்டு பேரோட அல்காரிதம் இருக்கு, மொதல்ல ஒவ்வொரு வரிசையா, அப்புறம் ஒவ்வொரு நெடுக்கையா போகும், தூரத்தோட வர்க்கத்த பரவளையமா வச்சு எல்லாத்துக்கும் கீழ இருக்கிற கோட்ட மட்டும் எடுக்கும், அதனால நேரம் பிக்சல் எண்ணிக்கைக்கு ஏத்தபடிதான் ஏறும். உள்பக்கத்துக்கு ஒருதடவ வெளிப்பக்கத்துக்கு ஒருதடவ ஓட்டி கழிச்சுக்கோ. இன்னொன்னு, தூரத்த சிவப்பு சானல்ல வச்சா டெக்ஸ்ச்சர் செட்டிங்ல எஸ்ஆர்ஜிபி (கலர் படத்துக்கான மதிப்பு மாத்தல்) டிக்க எடுத்துரு, இல்லன்னா ஓரத்துல 0.5 இருக்க வேண்டிய எடத்துல ஷேடருக்கு 0.21 தான் போகும், எழுத்து மெலிஞ்சுரும். நானே இதுல ஒரு வாரம் விட்டிருக்கேன்.

சுழி_கோடர்:
டீச்சர், டிக்கும் அதுதான்!! இப்ப ‘ண’ அவ்ளோ அழகா இருக்கு, அக்காவுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டேன். ‘ட’ மூலை மட்டும் உருண்டு போயிருக்கு.

நிழல்_தேடி:
ஒரே சானல்ல அது அப்படித்தான் வரும், கூர்மூலைய அதால பிடிக்க முடியாது. இன்க்ஸ்கேப்ங்கிற வரையற சாஃப்ட்வேர்ல ட்ரேஸ் பண்ணி எஸ்விஜி (கோடுகளா சேமிக்கிற படம்) ஆக்கி, பல சானல் டிஸ்டன்ஸ் ஃபீல்டு செய்யுற எம்எஸ்டிஎஃப்ஜென் டூல்ல போடுங்க, மூணு சானல்ல பிரிச்சு வைக்கிறதால மூலை நிக்கும். ஷேடர்ல மூணுல நடு மதிப்ப எடுக்கணும், அத மறந்துடாதீங்க.