திருவருகைக் காலம்: வளையம், வாசகங்கள், விருந்தினர். எப்படித் திட்டமிடலாம்?

ஜெபக்குழு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டில் கூடும் சின்ன ஜெபக் குழு எங்களுடையது; கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் இரு தரப்பும் உண்டு. கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலத்தை 2026-ல் முதல் ஞாயிறிலிருந்தே முறையாக அனுசரிக்கலாம் என்றிருக்கிறோம். பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரி வைத்து ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவோமே, அதற்கு எந்த அளவு திரி வாங்குவது? எந்த வாசகங்களை எடுப்பது? கடைசி வாரம் கிறிஸ்தவரல்லாத அக்கம்பக்கத்தாரையும் அழைக்க ஆசை. அவர்களைச் சங்கடப்படுத்தாமல் நற்செய்தியின் நம்பிக்கையைச் சொல்வது எப்படி?

திரிநூல்:
நாள் கணக்கிலிருந்து தொடங்குங்கள், மெழுகுதிரி அளவு அதில்தான் இருக்கிறது. நவம்பர் 30, அதாவது அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் முதல் ஞாயிறு. 2026-ல் அது நவம்பர் 29. அடுத்தவை டிசம்பர் 6, 13, 20. டிசம்பர் 24 வரை மொத்தம் 26 நாள்.

தினமும் 15 நிமிடம் ஏற்றினால் முதல் திரி ஆறரை மணி நேரம் எரியும். இரண்டாவது நாலே முக்கால், மூன்றாவது மூன்று, நான்காவது ஒன்றேகால் மணி நேரம். 2 செ.மீ. தடிமனுள்ள திரி மணிக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. கரையும் என்று வைத்தால் முதல் திரியில் 16 செ.மீ. போய்விடும். அதனால் 25 செ.மீ. உயரம் வாங்குங்கள். 20 செ.மீ. வாங்கினால் கடைசி வாரத்தில் சுடர் இலைகளுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கம்பெனிக்குக் கம்பெனி வேகம் மாறும், ஒன்றை ஒரு மணி நேரம் எரித்து அளந்து பாருங்கள். நான்கும் படிக்கட்டு மாதிரி உயரம் குறைந்து நிற்கும். சமமாக்குகிறேன் என்று நடுவில் இடம் மாற்ற வேண்டாம்.

பார்க்க அழகு என்று 7 செ.மீ. தடித்த திரியை வாங்குகிறவர்கள் உண்டு. தடிமனில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் ஒரு மணி நேரமாவது எரிந்தால்தான் மேல்பரப்பு முழுவதும் உருகும். கால் மணி நேரத்தில் அணைத்தால் நடுவில் மட்டும் குழி விழும், சில நாளில் திரிநூல் அந்தக் குழியிலேயே மூழ்கி ஏற்றினாலும் பிடிக்காது. குறுகிய ஜெபத்துக்கு மெல்லிய திரிதான் சரி.

திரிகளுக்கிடையே 10 செ.மீ.யாவது விடுங்கள், நெருங்கினால் பக்கத்துத் திரி சூட்டில் இளகிச் சாயும். ஏற்றும் முன் நூலை 5 மி.மீ.க்கு நறுக்குங்கள். மின்விசிறிக் காற்று பட்டால் ஒரு பக்கமாகவே வழியும். பச்சை இலை காய்ந்துகொண்டே வரும். வளைத்தால் ஒடிகிறது என்றால் அன்றே மாற்றிவிடுங்கள். அடியில் உலோகத் தட்டு கட்டாயம்.

நிறம்: மூன்று ஊதா, ஒன்று ரோஜா. சில சபைகளில் ஊதாவுக்குப் பதில் நீலம். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு, அது மகிழ்ச்சியின் ஞாயிறு. பலர் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள், அது பிழை. நடுவில் வெள்ளைத் திரி வைத்தால் கிறிஸ்து பிறப்பு இரவில்தான் ஏற்ற வேண்டும். நிறம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம்: இந்த வழக்கத்தைத் தொடங்கிய ஜெர்மன் இறையியலாளர் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் 1839-ல் ஹாம்பர்கில் பிள்ளைகளுக்காக ஒரு சக்கரத்தில் வைத்தது நான்கு பெரிய வெள்ளைத் திரிகளும் இருபது சிறிய சிவப்புத் திரிகளும்தான்.

வாசகப்பணி:
2026 நவம்பர் 29-ல் மூன்றாண்டு ஞாயிறு வாசகச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது. கத்தோலிக்க அட்டவணையும் பல புராட்டஸ்டண்ட் சபைகள் பின்பற்றும் பொது அட்டவணையும் இங்கே பெரும்பாலும் ஒத்துப்போகும், உங்கள் குழுவுக்கு அது வசதி. முதல் ஞாயிறு மாற்கு 13 (விழித்திருங்கள்), இரண்டாவது ஏசாயா 40-ம் மாற்கு 1-ம், மூன்றாவது ஏசாயா 61-ம் யோவான் 1-ம், நான்காவது 2 சாமுவேல் 7-ம் லூக்கா 1:26-38-ம்.

கவனித்தீர்களா, நான்கிலும் மாட்டுத்தொழுவம் இல்லை! முதல் வாரம் பேசுவது ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றி. நடு இரண்டு வாரமும் யோவான் ஸ்நானகன். பெத்லகேமை முதல் வாரமே வாசித்துவிட்டால் காத்திருக்க என்ன மிச்சம்? பாட்டிலும் அப்படியே, பிறப்புப் பாடல்களை 24 மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்நோக்கு, சமாதானம், மகிழ்ச்சி, அன்பு என்று வாரத்துக்கொன்று சொல்வது பின்னால் வந்த பழக்கம். சபைக்குச் சபை வரிசை மாறும் என்பதால் அதற்காக வாதாட வேண்டாம்.

வாசல்திறப்பு:
விருந்தினர் விஷயத்தில் அழைப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்: வாசிப்பு, இரண்டு பாட்டு, ஜெபம், மொத்தம் 40 நிமிடம். "சும்மா வாங்க" என்று கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரசங்கம் பண்ணினால் அடுத்த முறை வரமாட்டார்கள். வந்தவரை வாய்விட்டு ஜெபிக்கச் சொல்லாதீர்கள், அனுமதி கேட்காமல் பேர் சொல்லியும் ஜெபிக்காதீர்கள். வேதம் வாசிக்கிறவர் பின்னணியை ஒரே வரியில் சொல்லிவிட்டு வாசிக்கட்டும்.

செய்தி ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11-ஐ வாழ்த்து அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறோம், ஆனால் அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம் அது. அதிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் வருகிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால், சீக்கிரம் சரியாகிவிடும் என்ற ஆறுதல் வார்த்தைக்கும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்குத் தானாகப் புரியும். அங்கிருந்து நேரே, இருளில் இருப்பவர்களுக்கு வெளிச்சம் வரும் என்கிற லூக்கா 1:78-79-க்குப் போகலாம்.

துக்க வீட்டார் யாராவது வந்தால் "எல்லாம் நன்மைக்கே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சங்கீதம் 130-ஐ வாசித்து ஒரு நிமிடம் அமைதியாக இருங்கள், போதும். கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். 1 பேதுரு 3:15 சொல்லும் வரிசையும் அதுதான், கேட்கிறவருக்குச் சாந்தத்தோடு.

ஜெபக்குழு:
ரொம்ப நன்றி. விருந்தினரை 20-ஆம் தேதி அழைப்பதா, 24-ஆ?

வாசல்திறப்பு:
20. இருபத்துநாலாம் தேதி உங்கள் ஆட்களே ஆராதனைக்கும் திருப்பலிக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள், வந்தவரோடு உட்கார்ந்து பேச ஆள் இருக்காது.

திரிநூல்:
அன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் வளையத்தை மேசை ஓரத்திலிருந்து 50 செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள், மேசைவிரிப்பை எடுத்துவிடுங்கள். இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரும்.