ஆறு மாதச் சந்தாவை ஒரேயடியாகக் கொடுத்தவர்

பொகவந்தலாவை, மரண உதவிச் சங்கச் செயலாளர்:

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்குப் பதினான்கு வருடமாக நான்தான் சந்தா சேர்க்கிறேன். 10ஆம் திகதி சம்பளம் போட்டதும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் இந்தக் காசில்தான். அதனால் யாரும் சந்தாவை விடமாட்டார்கள். முன்கூட்டிக் கொடுப்பவரும் கிடையாது. எங்கள் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா?

மேல் டிவிஷனில் ஒரு அண்ணன் இருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சிலதை மாற்றித்தான் சொல்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மனைவி வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம். மகளைக் கொழும்புப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் அங்கேயே ஒரு துணிக்கடையில். இவர் கவ்வாத்து வெட்டில், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிப்பதில், நல்ல கை. இளவயதில் காமன் கூத்தில் மன்மதன் வேஷம் கட்டியவர், கடைசி இரண்டு வருடம் கூத்துப் பார்க்கக்கூட வரவில்லை. கவ்வாத்து வேலை பகல் ஒன்றரை, இரண்டு மணிக்கே முடிந்துவிடும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு வரைக்கும் அவரிடம் ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அதை நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஒரு ஜூலை மாதம், மழை விடாமல் பெய்கிற நேரம். போய் நின்றதும் ஆறு மாதச் சந்தாவை எண்ணிக் கையில் வைத்தார்.

"என்னாண்ணே, எதுக்கு மொத்தமா?"

"சங்கத்துக்குப் பாக்கி வைக்கக் கூடாதுல்ல தம்பி."

ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டேன். நான்காவது வாசலில் நிற்கும்போதுதான், அவர் வளர்த்த ஆட்டைப் பக்கத்து வீட்டுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார் என்று என் மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. கால் அதற்கு மேல் நகரவில்லை. திரும்பிப் போனேன்.

வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "அண்ணே, செத்துப்போயிரலாம்னு ஏதும் நெனைக்கிறீங்களா?" கேட்கும்போது என் வாய் உலர்ந்துபோயிருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அந்த நெனப்புதான் தம்பி, கொஞ்ச நாளா" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன், அவர் அவர்களைத்தானே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறார். அடுப்பை மூட்டித் தேத்தண்ணி போட்டேன். அன்று இரவு அங்கேயே படுத்தேன். காலையில் இரண்டு பேரும் வேலைக்குப் போகாமல், முதல் பஸ்ஸில் அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போனோம். மூன்று மாதமாக ஒழுங்காகத் தூங்கவில்லை என்பதை அங்கே டாக்டரிடம்தான் முதல் தடவையாகச் சொன்னார். மனச்சோர்வு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். காசு எதுவும் இல்லை.

உங்களுக்கும் இப்படி யாரையாவது தெரிந்திருக்கும். எழுதுங்கள்.

ஹட்டன் பக்கம், வெளிநாடு போய் வந்த ஒரு அக்கா:

தம்பி, உங்கள் கதையில் இருக்கிற அண்ணனின் மனைவி இடத்தில் இருந்தவள் நான். பதினொரு வருடம் மத்திய கிழக்கில் இருந்துவிட்டு 47 வயதில் வந்தேன். வீடு என் காசில் கட்டியதுதான். ஆனால் எந்தச் சாமான் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சின்ன மகள் என் மாமியாரைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள், என்னை "இவங்க" என்கிறாள். புருஷனோடு பேச ஒன்றும் இருக்கவில்லை. என்னோடு கொழுந்து எடுத்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் இல்லை. மற்றவர்கள் நான் காசோடு வந்திருக்கிறேன் என்று கடன் கேட்டு வந்தார்கள், இல்லை என்றதும் வருவதை விட்டுவிட்டார்கள்.

தனியாக இருப்பவர்களுக்குத்தான் தனிமை என்று நினைக்காதீர்கள். ஆறு பேர் இருக்கிற வீட்டில் நான் குசினியிலேயே கிடந்தேன். நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஒரு தொந்தரவு குறையும் என்று தினமும் மனசு சொல்லும். அது நோய் பேசுகிற பேச்சு என்று அப்போது எனக்குத் தெரியாது. அத்தனையும் உண்மை என்றே நம்பினேன்.

என்னை வெளியே எடுத்தவர் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிற அக்கா. எனக்கு என்ன என்று அவர் விசாரிக்கவே இல்லை. ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்து, "இன்னைக்கு ஆள் கொறைவு, ஒரு மணி நேரம் இவன வச்சுக்கிறியா?" என்றார். மறுநாளும் வந்தார். மூன்றாம் வாரம் நானாகவே அங்கே போனேன். பிறகு அவரிடம்தான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர்தான் கிளினிக்குக்கும் கூட்டிப்போனார். இப்போதும் சில நாள் கனமாகத்தான் விடியும். சின்னவள் போன மாதம் சடங்கு வீட்டுக்குப் போகும்போது தலை பின்னிவிடச் சொல்லி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அப்புத்தளையிலிருந்து ஒருவர்:

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் மச்சான் உயிரை விட முயன்ற இரவு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பொலிஸ் கேஸாகிவிடும், அவரை உள்ளே வைத்துவிடுவார்கள் என்று வீட்டில் பயந்து நின்றார்கள். வாகனம் கூப்பிடாமலே ஒரு மணி நேரம் போய்விட்டது. நம் நாட்டில் தற்கொலைக்கு முயல்வது 1998லேயே குற்றம் இல்லை என்று சட்டம் மாற்றப்பட்டுவிட்டது. கால் நூற்றாண்டு கழிந்தும் எங்கள் லயத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. மச்சான் பிழைத்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. தயவுசெய்து உங்கள் வீட்டில் இருக்கிற வயதானவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, நுவரெலியா மாவட்டம்:

அப்புத்தளைத் தம்பி எழுதியதை நான் வார்டில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். கொண்டு வந்தவர்கள் விபத்து என்பார்கள், வயிற்று வலி தாங்காமல் என்பார்கள். உண்மையைச் சொன்னால்தான் எங்களால் சரியாகப் பார்க்க முடியும்.

1990களின் நடுவில் இலங்கையில் தற்கொலை, ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்தது. உலகத்திலேயே மிக உயர்ந்த கணக்குகளில் அது ஒன்று. பிறகு மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை 1995இலும், 2008 முதல் கட்டம் கட்டமாகவும் தடை செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. சாக நினைத்தவர் எப்படியும் செத்துவிடுவார் என்று நம் ஆட்கள் சொல்வது சரியில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி ஏறி இறங்கும். அது ஏறியிருக்கிற நேரத்தில் ஆபத்தானது கைக்கெட்டாமல், பக்கத்தில் ஒரு ஆளும் இருந்துவிட்டால் பலர் தப்பிவிடுகிறார்கள். வீட்டில் மரக்கறித் தோட்டத்துப் பூச்சி மருந்து ஏதும் இருந்தால் பூட்டி, சாவியை வேறு ஆளிடம் கொடுத்து வையுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. வந்த முதல் சில வாரங்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். ஆனால் அப்போதுதான் எல்லோரும் வெட்கத்தில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். காய்ச்சல்காரரைப் பார்க்கப் பிஸ்கட் பைக்கற்றோடு போகிறோமே, அதேபோல இவரையும் போய்ப் பார்த்தால் என்ன?

உயிரிழப்பவர்களில் பெண்களைவிட ஆண்களே மிக அதிகம். எங்கள் கிளினிக் வரிசையில் பெண்களே அதிகம் நின்றார்கள். ஆண்கள் கடைசி நிமிடத்தில் ஸ்ட்ரெச்சரில் வந்தார்கள். அதற்கு முன்னால் அவர்களைச் சாராயக் கடையில் கண்டிருப்பீர்கள். குடித்தால் தூக்கம் வரும் என்று தொடங்குகிறார்கள், அது மனச்சோர்வை இன்னும் ஆழமாக்கிவிடுகிறது. "குடிகாரன்" என்று பெயர் வைத்ததும் நாமும் விசாரிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

செயலாளர் தம்பி நேராகக் கேட்டது மிகச் சரி. கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. நடு இரவில் கைவசம் யாரும் இல்லாவிட்டால் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

தலவாக்கலை, ஆசிரியர்:

நாங்கள் ஒருவரை இழந்துவிட்டோம். என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர், வயது 44. அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

அவர் பெருந்தோட்டத் தனி வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் கட்டிய வீட்டில் இருந்தார். லயத்து வாழ்க்கையை நான் புகழவில்லை, அந்த ஒழுகுகிற கூரை யாருக்கும் வேண்டாம். ஆனால் லயத்தில் ஒருவர் இரவெல்லாம் தூங்காமல் நடந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்துவிடும். புதிய வீடுகளில் கதவு மூடினால் மூடினதுதான். பக்கத்து வீட்டுப் படியேற ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. செயலாளர் அண்ணன் கையில் ரசீதுப் புத்தகம் இருந்தது. என் கையில் ஒன்றும் இருக்கவில்லை என்று அப்போது நினைத்தேன். விடைத்தாள் கட்டைக் கொண்டு போயிருக்கலாம். தாதி அம்மா, இந்த நினைப்பு எப்போது போகும்?

ஓய்வுபெற்ற தாதி:

மகன், முழுதாகப் போகும் என்று பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு வந்தது நோய், உங்களால் வந்ததல்ல. நீங்களும் யாரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள். இழந்தவர்களுக்கும் அந்தக் கிளினிக் கதவு திறந்துதான் இருக்கிறது. நாளை எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

பொகவந்தலாவை, மரண உதவிச் சங்கச் செயலாளர்:

எல்லோரும் எழுதியதை நேற்று இரவு அந்த அண்ணனிடமே வாசித்துக் காட்டினேன். அவர் சம்மதித்துத்தான் முதலிலும் எழுதினேன். மாத்திரையை விடவில்லை. மனைவி இன்னும் வரவில்லை, மகன் ஞாயிறு தோறும் வீடியோ கோல் எடுக்கிறான். பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு முழங்கால் வலி என்று சொல்லி மேல் டிவிஷன் சந்தாவை அவரிடம் கொடுத்திருக்கிறேன். வலி உண்மைதான். போன மாதம் கணக்கு ஒப்படைக்கும்போது, மேட்டு லயத்தில் தனியாக இருக்கிற ஒரு அக்கா இரண்டு மாதமாகக் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே காசை நீட்டுகிறார் என்றார். "நம்ம போய்ப் பாப்பமா தம்பி?" என்று அவரே கேட்டார். போனோம். முதலில் திறக்கவில்லை. மழையில் நனைகிறோம் என்றதும் திறந்தார். தேத்தண்ணி குடித்தோம், அதிகம் பேசவில்லை. இந்த ஞாயிறும் போகிறோம்.