புதுப்பிப்பு: செஃப் கிளஸ்டரில் டிஸ்க் சேராமல் 'பிஸி' என்று வந்த பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. கொழும்பில் எங்கள் கந்தோரின் செஃப் கிளஸ்டரில் (செஃப் என்பது பல சேர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக்கும் மென்பொருள்), முன்பு பாவித்த டிஸ்க்குகளை ஓஎஸ்டியாக (செஃப் தரவைச் சேமிக்கும் அலகு) சேர்க்கும்போது, எங்கும் மவுண்ட் ஆகாமலே 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று வந்ததைக் கேட்டிருந்தேன்.

பழைய ரெய்டின் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு) மிச்சம் இருக்கும் என்று ஒரு அண்ணா எழுதியதுதான் சரி. பூட் ஆகும்போதே எம்டி127 என்ற அந்த ரெய்ட் தானாக எழும்பி டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையிலேயே தெரிந்தது. ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கட்டளை மூலம் அதை நிறுத்தி, ஒவ்வொரு டிஸ்க்கிலும் ரெய்ட் சூப்பர்பிளாக்கை (ரெய்ட் விவரம் பதிந்த பகுதி) அழித்து, அப்புறம் டிஸ்க்கைத் துடைக்கும் செஃப்-வால்யூம் ஸாப்பை டெஸ்ட்ராய் தெரிவுடன் ஓட்டினேன். ஒரே டிஸ்க்குக்குப் பல பாதை வைக்கும் மல்டிபாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எதிர்பாராதது ஒன்று: துடைத்த கையோடு, நான் கேட்காமலே செஃப்பைத் தானாக நிர்வகிக்கும் ஆர்கெஸ்ட்ரேட்டர் அவற்றை ஓஎஸ்டி ஆக்கிவிட்டது! 'கிடைக்கும் எல்லா டிஸ்க்கையும் எடு' என்ற விதி முன்பே இருந்திருக்கிறது. அது வேண்டாதவர்கள் ஸாப்புக்கு முன்பே அந்த விதிக்கு அன்மேனேஜ்ட் ட்ரூ (தானாக இயங்காதே என்ற அமைப்பு) கொடுத்துவிடுங்கள்.