இ.இ.இ.யா, ஏ.ஐ.யா? பொறியியல் முடித்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கு 88, இயற்பியல் 82, வேதியியல் 85. பொறியியல் கட்ஆஃப் 171.5 வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்விக் கட்டணம், விடுதி எல்லாம் அரசே பார்த்துக்கொள்ளும். எந்தப் பிரிவு என்பதில்தான் வீட்டில் தினமும் பஞ்சாயத்து.

அவளுக்கு இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) மேல் ஆசை. மிக்ஸி நின்றுபோனால் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றிவிடுவாள். மாமாவோ, "ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ் போடு, ஐ.டி.யில்தான் சம்பளம்" என்கிறார். இ.இ.இ. படித்தால் ஐ.டி.க்கும் போகலாம், கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதிப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் முயலலாம் என்பது என் எண்ணம். புதுப் பிரிவுகளுக்குப் பாடம் நடத்த எல்லாக் கல்லூரியிலும் ஆள் இருக்கிறார்களா என்ற சந்தேகம் வேறு.

இ.இ.இ. முடித்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், சொல்லுங்கள்: கேம்பஸுக்கு கோர் கம்பெனிகள் (ஐ.டி. அல்லாத, மின்துறை சார்ந்தவை) வந்தனவா? வந்தபோது பெண்களை எடுத்தார்களா? அப்புறம், கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் நல்ல கல்லூரியை முன்னால் வைப்பதா, பிடித்த பிரிவையா? நாளை மறுநாளுக்குள் பட்டியலை உறுதி செய்ய வேண்டும்.