அப்பாவின் பவளவிழாவும் நாங்கள் ஓடிய ஓட்டங்களும்

2023ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு 75, எனக்கு 50, மகளுக்கு 21 என்று பெரிய பிறந்தநாள்கள் அடுத்தடுத்து வந்தன. ரொறன்ரோவில் இருக்கும் தம்பியும் அந்த ஒக்டோபரில் அரை மரதன் ஓடப் பதிந்திருந்தான். அங்கே இலை நிறம் மாறிக் கொட்டும் காலம். இங்கே கொழும்பில் பின்னேரம் ஆனால் இடியும் மழையும். அந்த மாதங்களில் நாங்கள் சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

பவளவிழாவுக்கு வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து, இருநூறு பேருக்குச் சாப்பாடு கொடுத்து, மேடையில் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது மாமியின் ஆசை. அது அன்பினால் வந்த ஆசைதான். முந்தைய வருடம் எரிபொருள் வரிசையிலும் மின்வெட்டிலும் போய்விட்டது, யாருடைய வீட்டிலும் நல்லது கெட்டதுக்குக்கூட ஒழுங்காகக் கூட முடியவில்லை. ஆனால் அப்பா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்: "பிள்ளை, மண்டபம் வேண்டாம். கோச்சியில (ரயிலில) ஊருக்குப் போவம். திரும்பி வந்து நான் உங்களோட கொழும்பில நடக்கிற அந்த ஓட்டப்போட்டிக்கு வாறன்."

ஓட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்ததே அந்த 2022இல்தான். பெற்றோல் இல்லை, ஓட்டோ கிடைக்காது, கிடைத்தாலும் கேட்கிற காசு கொடுக்க முடியாது. பம்பலப்பிட்டியில் இருந்த என் வேலைத்தலத்துக்கு மரைன் டிரைவ் வழியாக நடக்கத் தொடங்கினேன். தனியாகப் போகாதே என்று அப்பாவும் பாதித் தூரம் கூட வருவார். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் நடையை நாங்கள் விடவில்லை. மகள்தான் நடையை ஓட்டமாக்கினாள். "அம்மா, அடுத்த லாம்புக் கம்பம் வரைக்கும் மட்டும்" என்று சொல்லிச் சொல்லியே என்னை ஓட வைத்தாள்.

மரைன் டிரைவில் விடியக்காலையில் நடப்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் முகம் தெரியும். ஒரு பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல், மறுபக்கம் மாடிவீடுகள். அங்கேதான் ஒரு சிங்கள ஐயா அப்பாவுக்குப் பழக்கமானார். அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று தெரிந்ததும் "மாஸ்டர்" என்று கூப்பிடத் தொடங்கினார். கல்கிசைப் பக்கமிருந்து ரயில் வந்தால் போதும், இருவரும் நின்று பார்ப்பார்கள். ஒருநாள் அவர் தானாகவே சொன்னார், இளவயதில் ரயில் கார்ட்டாக வேலை செய்தவராம், யாழ்தேவியிலும் போயிருக்கிறாராம். அப்பாவுக்கு நடை நின்றுவிட்டது. கொழும்பில் படித்த காலத்தில் அவர் யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போய்வந்த வண்டி அது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 ஜூனோடு யாழ்ப்பாணம் போவது நின்று, 2014 ஒக்டோபரில்தான் திரும்பவும் யாழ்ப்பாணம் வரை போனது. அந்த இருபத்துநான்கு வருட இடைவெளியில் தன் சகாக்கள் சிலர் ஓய்வு பெற்றே போய்விட்டார்கள் என்று அவர் சொன்னார். அதன்பின் தினமும் இருவருக்கும் அதே கதைதான்: எந்த ஸ்டேசனில் வடை நல்லது, மாஹோவில் எவ்வளவு நேரம் நிற்கும், ஆனையிறவு தாண்டும்போது காற்று எப்படி அடிக்கும். அப்பா சிங்களத்தில் பாதி, அவர் தமிழில் பாதி.

செப்டெம்பர் கடைசியில் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் வண்டி ஏறினோம். அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் திருத்த வேலைக்காக அந்த வருட ஆரம்பத்தில் பாதையை மூடியிருந்தார்கள். வண்டி திரும்ப ஓடத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் புதிய பாதையில் வண்டி போன வேகத்தை அப்பா போனில் அந்தச் சிங்கள ஐயாவுக்கு (எங்களுக்கு அவர் கார்ட் மாத்தயா; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா) நேரடி வர்ணனை செய்துகொண்டே வந்தார். எங்கள் ஊரான கோப்பாயில் அப்பாவின் பிறந்த நட்சத்திரத்துக்குப் பிள்ளையார் கோயிலில் அபிஷேகம், மத்தியானம் வாழையிலையில் சாப்பாடு, பின்னேரம் மோதகமும் தேத்தண்ணியும். ஊர்ச்சனம் முற்றத்தில் உட்கார்ந்து கதைத்தது. மாமியும் வந்திருந்தார், பொன்னாடையையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். மாமரத்தடியில் அதைப் போர்த்தினார்.

அடுத்தநாள் விடிய நானும் மகளும் பண்ணைப் பாலத்தடியில் ஓடினோம். கொழும்பில் ஓடிப் பழகியவர்களுக்கு அந்த வீதி வேறு உலகம். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், அதற்குள் நட்ட தடிகளும் வலைகளும், முகத்துக்கு நேரே காற்று. மண்டைதீவுப் பக்கமிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்த ஒருவர் எங்களைக் கண்டு பிரேக் பிடித்து, "என்ன பிள்ளையள், ஆரும் துரத்துறாங்களோ?" என்று உண்மையான பதற்றத்தோடு கேட்டார். பயிற்சி என்று சொன்னதும், "அப்ப ஓடுங்கோ, திரும்பேக்க காத்து பின்னால நிண்டு தள்ளும்" என்றார். சொன்னது போலவே திரும்பும்போது ஓட்டம் சுகமாக இருந்தது.

அன்று இரவு அப்பா எதிர்வீரசிங்கத்தின் கதையை எடுத்தார். யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் 2.03 மீட்டர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கத்தை எடுத்துக் கொடுத்தார். அப்போது அப்பாவுக்கு ஒன்பது வயது. அதே மே மாதம்தான் தெற்கில் தமிழர்கள் மீது கலவரம். கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் படுத்திருக்க, தாத்தா பேப்பரில் அந்தத் தங்கச் செய்தியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாராம். மகள் இதை முதல்முறையாகக் கேட்டாள். கனநேரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொழும்பு திரும்பி அப்பாவை 5 கிலோமீட்டருக்குப் பதியும்போது ஒரு சங்கதி கிளம்பியது. அவருக்குப் பிறந்தநாள் இரண்டு. சாதகக் குறிப்பின்படி புரட்டாதி. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின்படி நவம்பர். அந்தக் காலத்தில் பதிவு பிந்தினால் கேள்வி வரும் என்று தாத்தா தேதியைத் தள்ளிக் கொடுத்திருக்கிறார். எங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் முதலில் பிறந்த வருடம், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. அது அத்தாட்சிப் பத்திரத் தேதியின்படிதான். ஆகவே பவளவிழா முடிந்து வந்த மனிதர் படிவத்தில் 74தான். அப்பாவுக்கு இது பெரிய மனக்குறை. தம்பி போனில் ஃபௌஜா சிங்கின் கதையைச் சொன்னபிறகுதான் ஆறினார். தம்பி ஓடவிருந்த அதே ரொறன்ரோ வோட்டர்ஃபிரண்ட் மரதனை 2011இல் நூறு வயதில் ஓடி முடித்தவர் ஃபௌஜா சிங், எட்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம் எடுத்தது. கடவுச்சீட்டில் 1911 என்று இருந்தும், பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அந்தச் சாதனையைப் பதியவில்லை. "அவருக்கே அப்பிடியெண்டால் எனக்கென்ன" என்று அப்பா பேனாவை எடுத்தார்.

ஓட்டம் சுதந்திர சதுக்கத்தில் தொடங்கியது. நானும் மகளும் 10 கிலோமீட்டர், அப்பாவும் கார்ட் மாத்தயாவும் 5 கிலோமீட்டர் நடை. பிரதம விருந்தினர் வரும்வரை தொடக்கத்தை ஒரு மணித்தியாலமளவு பிற்போட்டார்கள். இது எனக்கு இப்போதும் கோபம் வரும் விஷயம். ஒக்டோபரில் கொழும்பில் ஆறு மணிக்கு முன்னமே வெயில் எட்டிப் பார்க்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராது, உலராவிட்டால் உடம்பு குளிராது. வயதானவர்களும் பிள்ளைகளும் வரும் ஓட்டத்தை இருட்டோடு தொடங்குவதுதான் முறை. அன்று மயங்கி உட்கார்ந்த ஒரு பொடியனை முதலுதவிப் பிள்ளைகள் ஓடிவந்து நிழலுக்குத் தூக்கிப்போய், கழுத்திலும் கக்கத்திலும் ஐஸ் வைத்துத் தேற்றினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என் நன்றி.

விகாரமகாதேவி பூங்காவை நெருங்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது, மகள் முன்னால் போய்விட்டாள். அப்போது பக்கத்தில் ஹிஜாப் அணிந்த ஒரு அக்கா வந்து சேர்ந்தார். "என்னோட கதச்சிட்டு வாங்க. கதைக்க ஏலாட்டி வேகம் கூடன்டு அர்த்தம்" என்றார். தெமட்டகொடையில் இருப்பவர். 2020 ஊரடங்கில் வெளியே போக வழியில்லாமல் மொட்டை மாடியைச் சுற்றத் தொடங்கினாராம். உடுப்புக் கொடிகளுக்குக் கீழே குனிந்து குனிந்து ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு. ஊரடங்கு முடிந்தும் மாடியை விடவில்லை, "ரோட்டுக்கு வாறதுக்குத்தான் தைரியம் வேணும், தங்கச்சி. ஓடுறதுக்கு இல்ல" என்றார். கடைசியில் மகன்மார்தான் இறக்கிக் கொண்டுவந்தார்களாம். அவர் கதையைக் கேட்டுக்கொண்டே இரண்டு கிலோமீட்டர் போனதே தெரியவில்லை. கடைசித் திருப்பத்தில் "இனி நான் போறன்" என்று சொல்லி என்னைத் தாண்டிப் போனார். இன்றைக்கும் வாட்ஸப்பில் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் கதைத்துக்கொள்கிறோம்.

அப்பாவும் கார்ட் மாத்தயாவும் ஒன்றாக வந்து முடிவுக் கோட்டைத் தாண்டினார்கள். அப்பாவுக்கு முன்கூட்டியே ஈசிஜி எடுத்து, பிரஷர் குளிசையை எப்போது போடுவது என்று டொக்டரிடம் கேட்டுத்தான் விட்டோம். வயதான பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் இதைத் தயவுசெய்து விடாதீர்கள். தண்ணீர் மட்டும் போதாது, ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) கரைத்த போத்தல் ஒன்றும் கையில் இருக்கட்டும். இன்னொன்று, டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதிலும் கூடுதலாகக் கடிப்பது விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும், அதாவது நாங்கள் ஓடுகிற நேரங்களில். மழை மாதங்களில் கால் மறைக்கும் உடுப்பும் நுளம்புக் கிறீமும் வேண்டும்.

தம்பியின் ஓட்டத்தை ஒக்டோபர் 15 பின்னேரம் போனில் பார்த்தோம், அங்கே அது காலை. இங்கே இடியோடு மழை, இணைப்பு விட்டுவிட்டு வந்தது. அவன் முடித்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "ஸ்வெட்டர் போட்டனியோ?"

மகளின் 21க்குச் சாவி வடிவக் கேக்கை மாமி செய்தார், வீட்டோடு முடித்தோம். அந்த நவம்பரில்தான் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த 72 வயது அகிலத்திருநாயகி தங்கம் வென்ற செய்தி வந்தது. அம்மா பேப்பரை இரண்டு தரம் வாசித்தார். அதுவரை எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு வாசலில் நின்றவர் அவர். இரவு என்னிடம் வந்து, "உன்ர சப்பாத்து எத்தனையாம் நம்பர்?" என்று கேட்டார்.

இப்போது அம்மாவும் வருகிறார். முழங்கால் நோவு இருப்பதால் ஓட்டம் இல்லை, வேக நடைதான். அறுபதைத் தாண்டிய பெண்களுக்குப் பாதம் அகலமாகிவிடுவதால் கடையில் பொருத்தமான சப்பாத்துக் கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது; ஆண்களுக்கானதில் சின்ன அளவை எடுத்துச் சமாளிக்கிறோம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் நல்ல கடை தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். விடிய ஐந்தரைக்கு மரைன் டிரைவில் நிற்போம், கூட நடக்க விருப்பமானவர்கள் வரலாம்.