மறு: 'கூட்டு ஒட்டுண்ணி' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

பிற பறவையின் கூட்டில் முட்டையிட்டுப் போகும் பறவையை ஆங்கிலத்தில் brood parasite என்பார்கள். தமிழில் அதற்குக் 'கூட்டு ஒட்டுண்ணி' என்று இங்கே ஒரு பரிந்துரை வந்தது. இலக்கணப்படி சரி, கூடு என்பது கூட்டு ஆகும். ஆனால் படிப்பவருக்குக் கூட்டுக் குடும்பம், கூட்டுப் பண்ணைதான் நினைவுக்கு வரும். நாலைந்து ஒட்டுண்ணிகள் பங்கு போட்டுத் தொழில் நடத்துவதுபோல. 'வளர்ப்பு ஒட்டுண்ணி' இன்னும் மோசம். வளர்ப்பு நாய்க்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

போன வாரம் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் பார்த்ததைச் சொல்கிறேன். கருவேல மரத்தடியில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வழக்கம்போல இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தது. தாழ்ந்த கிளையில் ஒரு குஞ்சு சிறகை நடுக்கி இரை கேட்க, இரண்டு குருவிகள் மாறி மாறி ஊட்டின. குஞ்சின் வால் மட்டும் அந்தக் குடும்பத்து வால் இல்லை. அக்காக்குயில் குஞ்சு என்றுதான் முதலில் குறித்துக்கொண்டேன், அதுவும் தவிட்டுக்குருவியை ஏமாற்றுகிற ஆள்தானே. பைனாகுலரில் பார்த்தால் மார்பில் கீற்று இல்லை, வாலில் பட்டை இல்லை. திரும்பி உட்கார்ந்ததும் இறக்கையில் வெள்ளைத் திட்டு, தலையில் சின்னக் கொண்டை. சுடலைக்குயில்! இதன் முட்டை நம் நாட்டில் தவிட்டுக்குருவி முட்டைபோலவே நீலம். தென்னாப்பிரிக்காவில் இதே இனம் வெள்ளை முட்டை இடுகிறது.

இதில் ஒட்டுவது எது, உண்பது எது? முட்டையிட்ட தாய் கம்பளிப்பூச்சியைத் தானே தேடித் தின்கிறது. குருவியிடம் அது பறிப்பது உழைப்பை. அடைகாக்க வைத்து ஏய்ப்பதால் 'அடையேய்ப்பு' என்கிறேன். அடைக்கோழி தெரிந்த யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

ஏமாறும் பறவைக்குச் 'செவிலிப் பறவை' என்று ஆசையாக இருந்தது. ஆனால் அகப்பாட்டில் வரும் வளர்ப்புத்தாயான செவிலிக்குத் தான் வளர்ப்பது யார் மகள் என்று தெரியும். தவிட்டுக்குருவிக்குத் தெரியாது. அதனால் ஒட்டுண்ணி அண்டும் உயிருக்கு (host) ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள 'ஓம்புயிர்' போதும். ஓம்புதல் இங்கே சொல்லுக்குச் சொல் நடக்கிறது.

ஒரு சிக்கல் மிச்சம். குயில் தேனீயும் பிற தேனீக்களின் கூட்டில் முட்டையிடுகிறது, ஆனால் அங்கே பெரும்பாலும் அடைகாப்பு கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக 'வளர்ப்பேய்ப்பு' என்று எழுதிப் பார்த்தேன். நடுவில் பேய் வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.