அம்மாயியின் நினைவுத் திருப்பலியில் அவருடைய சிரிப்பைச் சொல்லலாமா?

கோத்தகிரிப் பேரன்:
என் அம்மாயி சென்ற மாதம் இறைவனடி சேர்ந்தார். வருகிற சனிக்கிழமை மாலை நடைபெறும் முப்பதாம் நாள் திருப்பலியில் அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசும்படி மாமா என்னிடம் சொல்லியிருக்கிறார். பங்குத்தந்தையோ, "நினைவுரை போதும், புகழுரை வேண்டாம்" என்று கூறிவிட்டார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

அம்மாயி, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, ஒரு தகரப் பெட்டியும் மடு மாதா படமுமாக நீலகிரிக்கு வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது என்றாலும், பங்கின் பாட்டுப் புத்தகத்தில் பாதி அவருக்கு மனப்பாடம். இரண்டு கைகளும் கொழுந்தில் இருக்கும்போது செபமாலை உருட்ட முடியாது என்பதால், தேயிலை நிரை ஒன்றுக்குச் செபமாலையின் பத்து மணிகள், அதாவது ஒரு தேவ இரகசியம் (இயேசு, மரியாவின் வாழ்விலிருந்து தியானிக்கும் ஒரு நிகழ்ச்சி) என்று கணக்கு வைத்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பறிப்பார். அவர் எவ்வளவு பறித்திருக்கிறார் என்று அறிய, மேஸ்திரியே "எத்தனையாவது தேவ இரகசியம்?" என்று கேட்பாராம்.

நான் சொல்ல விரும்புவது இன்னொன்று. 2002ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்து, அவற்றுக்கு வியாழக்கிழமையைப் பரிந்துரைத்தபோது, அதுவரை அந்த நாளுக்குரியவையாக இருந்த சந்தோஷ தேவ இரகசியங்களை விட அம்மாயிக்கு மனம் வரவில்லை. "வியாழக்கிழமைச் சந்தோஷத்தைப் பிடுங்கிட்டாங்களே!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, கடைசி வரை வியாழன்தோறும் இரண்டையும் சொல்லிவந்தார். பீடத்தருகே நின்று இதைச் சொன்னால் மரியாதைக் குறைவாகுமா?

முன்னாள் உபதேசியார், குன்னூர்:
தம்பி, உங்கள் பங்குத்தந்தை சொன்னது சரியே. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிகளில் 382ஆம் எண், அடக்கத் திருப்பலியில் சுருக்கமான மறையுரை இருக்கலாம், அது இறந்தவரைப் புகழும் உரையாக இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் நற்கருணைக்குப் பிந்திய மன்றாட்டு முடிந்ததும் குடும்பத்தாரில் ஒருவர் சில சொற்கள் பேச அடக்கச் சடங்கு முறை இடம் தருகிறது. முப்பதாம் நாளுக்கும் பெரும்பாலும் இந்த வழக்கத்தையே பின்பற்றுவார்கள். காரணம் எளிது: இறந்தவருக்காக மன்றாடத்தான் நாம் கூடுகிறோம், அவரைப் புனிதையாகவே அறிவித்துவிட்டால், பிறகு மன்றாட்டு எதற்கு? நான் பார்த்த நினைவுரைகளில் பாதி, வகித்த பொறுப்புகளின் பட்டியலாகவே இருந்தன. அவற்றில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. மேஸ்திரி கேட்ட கேள்வியைச் சொல்லுங்கள்.

உதகை வாசகி:
உங்கள் அம்மாயி, மரியாயின் சேனை என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் சபையில் இருந்தாரா? இருந்திருந்தால் பழைய குறிப்பேடுகளைக் கேட்டுப் பாருங்கள். 1921ஆம் ஆண்டு டப்ளின் நகரில் தொடங்கிய நாள் முதல் வாரக் கூட்டமும், அந்த வாரத்துப் பணியைப் பற்றிய வாய்மொழி அறிக்கையும், அதைச் செயலர் குறித்துவைப்பதும் அச்சேனையின் ஒழுங்கு. எழுதத் தெரியாத ஒருவருடைய உழைப்பு, வேறொருவர் கையெழுத்தில் ஆண்டுக்கணக்கில் அங்கே பதிந்து கிடக்கும். எங்கள் பங்கில் காலமான ஒரு பெரியம்மாவுக்காகத் தேடியபோது, ஆடி மழையிலும் அவர் ஒரு வாரம்கூட நோயாளிகளைச் சந்திக்கத் தவறவில்லை என்பதைப் பார்த்து அவருடைய பிள்ளைகளே வியந்தார்கள். ஆனால் சந்தித்த வீடுகளின் பெயர்களைப் பொதுவில் வாசித்துவிடாதீர்கள். அது இரகசியமாகக் காக்கப்பட வேண்டியது.

மலைவாசி:
எனக்கு இதில் சிறு தயக்கம் உண்டு. குடும்பத்துக்குள் இனிக்கும் சிரிப்பு, அவரை அறியாதவர்களுக்குத் திருத்தந்தையைக் கேலி செய்வதாகப் படலாம். செபமாலைச் செய்தியைக் கோவிலில் சொல்லி, வியாழக்கிழமைக் கதையைத் திருப்பலிக்குப் பின் மன்றத்தில் தேநீர் கொடுக்கும்போது சொன்னால் என்ன?

முன்னாள் உபதேசியார், குன்னூர்:
கேலி என்று கொள்ள இடமில்லை, ஐயா. அந்த மாற்றத்தைத் திருத்தந்தை பரிந்துரையாகத்தான் வைத்தாரே தவிரக் கட்டளையாக விதிக்கவில்லை. மேலும், வியாழனில் எடுத்த சந்தோஷத்தை அவர் சனிக்கிழமைக்குக் கொடுத்தார்; இதை யாரும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

கோத்தகிரிப் பேரன்:
சொல்லியிருப்பார்கள் ஐயா, அவர் காதில் வாங்கியிருக்க மாட்டார். உங்கள் மறுமொழியைப் பார்த்த பிறகுதான் திருப்பலி சனிக்கிழமை என்பது எனக்கு உறைத்தது. அதற்கு முன் சொல்லும் செபமாலைக்கு, துக்க வீடு என்பதால் துக்க தேவ இரகசியங்களை அத்தைமார் முடிவு செய்திருந்தார்கள். இன்று காலை பேசி மாற்றியாகிவிட்டது. மேஸ்திரியின் கேள்வியைக் கோவிலில் சொல்கிறேன். குறிப்பேடுகளைச் சேனையின் செயலர் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்; மழையில் நனைந்தவை போக எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.